பந்து வரவேணுமென்று வைத்த நேர்த்தி

அவனை நான் முதன்முதல் கண்டபோது அவன் பின்பக்கமாக ஓடிக்கொண்டிருந்தான். மே மாதத்துக் காலை, ஆறு மணி இருக்கும். கனடாவில், மல்வேர்னில் எங்கள் வீட்டு வரிசைக்குப் பின்னால் ஒரு பெரிய கார்த் தரிப்பிடம் இருக்கிறது. பாண் சுடுகிற தொழிற்சாலை வேலைக்குப் பஸ் பிடிக்க நான் அதற்குள்ளால்தான் குறுக்கே நடப்பேன். அன்றைக்கு உயர்ந்த கறுப்பின இளைஞன் ஒருவன் முழங்காலை மடித்து, நெஞ்சைத் தாழ்த்தி, எனக்கு முதுகைக் காட்டியபடி என்னை நோக்கியே வேகமாக வந்துகொண்டிருந்தான். இடித்துவிடப் போகிறான் என்று நான் சாப்பாட்டுப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன். ஒரு முழத் தூரத்தில், திரும்பிப் பாராமலே நின்றான். பிறகுதான் முகத்தைக் காட்டி, "குட் மோர்னிங், சேர்" என்றான். முதல்நாள் பின்னேரம், நான் நித்திரையாய் இருந்த நேரம், மகளிடம் திறப்பை வாங்கிக்கொண்டு எங்கள் பேஸ்மென்றுக்குக் குடிவந்தவன் அவன்தான் என்று அப்போது எனக்குத் தெரியாது.

பக்கத்து வீட்டு அன்ரி இரண்டு நாள் யன்னலால் பார்த்துவிட்டு மூன்றாம் நாள் பொறுக்கமாட்டாமல் கேட்டா. "அண்ணை, உங்கடை வீட்டிலை இருக்கிறவன் ஏன் பின்னுக்கு ஓடுறான்? ஏதும் நேர்த்தியோ?" எனக்கும் தெரியாது. "உது அவன்ரை வேலைபோலை கிடக்கு" என்று சொல்லிச் சமாளித்தேன்.

எங்கள் வீட்டில் நான், மனைவி, யூனிவேர்சிற்றியில் படிக்கிற மகள், மூன்று பேர்தான். சாமி அலுமாரி குசினியில் இருக்கிறது. காலையும் மாலையும் விளக்கேற்றி மணி அடிப்பேன். அந்த மணி நேரே அவனுடைய கட்டிலுக்கு மேலே கேட்கும் என்று எனக்கு முதலில் தோன்றவில்லை. அவன் ஒரு முறைகூடக் குறை சொன்னதில்லை. மணி கேட்டால் கீழே பாட்டை நிறுத்திவிடுவான், மணி முடிந்து கொஞ்சம் பொறுத்துத்தான் திரும்பப் போடுவான். வருகிற போகிறவர்கள் எல்லாரும் என்னை அண்ணை, அண்ணை என்று கூப்பிடுவதைக் கேட்டு, அதுதான் என் பெயர் என்று நினைத்துவிட்டான். முதலாம் வருட நத்தாருக்குத் தன் ஊரிலிருந்து அனுப்பிய வாழ்த்து மட்டையில் 'மிஸ்ரர் அன்ட் மிஸிஸ் அண்ணை' என்று எழுதியிருந்தான். மனைவி அதைக் குளிர்ப்பெட்டிக் கதவில் ஒட்டிவிட்டு ஒரு கிழமை சிரித்தா. நாங்கள் திருத்தவில்லை. எங்களுக்கு அவன் தம்பி. அவன் பெயரை இங்கே எழுதாமல் அப்படியே தம்பி என்று விடுகிறேன்.

அவன் தொழில்முறை ஃபுட்போல்காரன். நாங்கள் ஊரில் உதைத்த பந்து இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு, தலைக்கவசம் போட்டு, ஆளை ஆள் மோதி விழுத்துகிற விளையாட்டு. அமெரிக்காவின் தெற்கே சின்ன ஊரில் பிறந்து, கொலிஜ்ஜில் பெயரெடுத்து, பெரிய அணி ஒன்று தன் பயிற்சிக்குக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று அனுப்ப, இரண்டு வருடம் ஒரு களஞ்சியத்தில் பெட்டி தூக்கியிருக்கிறான். பிறகு கனடாவில் இடம் கிடைத்தது. மே மாதம் வருவான், நவம்பரில் குளிர் பிடிக்கத் தொடங்கப் போய்விடுவான். இடையில் எந்தத் திங்கட்கிழமையும் ஒரு ரெலிபோன் கோல் வந்து, இனி வேண்டாம் என்று சொல்லலாம். அது அந்தத் தொழிலின் வழமை. அதனால் அவன் ஒரு சூட்கேசை முழுக்கக் குலைக்காமலே வைத்திருப்பான். நாடு விட்டு நாடு வந்த எங்களுக்கு அந்தச் சூட்கேசைப் பார்த்தால் ஒன்றும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

மூன்று வருடம் அவன் அந்த விளையாட்டில் என்ன செய்கிறான் என்று நாங்கள் கேட்கவே இல்லை. கேட்டதும் ஒரு நாள் தற்செயலாகத்தான். கீழே உடுப்புத் தோய்க்கப் போன மனைவி, "தம்பி, யூ பிளே வட்?" என்று கேட்டிருக்கிறா. "கோர்னர்பாக்" என்று சொல்லியிருக்கிறான். மேலே வந்து என்னிடம் அதைப் பிரித்துப் பிரித்துச் சொன்னா. "கோர்னர் எண்டா மூலை. பாக் எண்டா பின்னுக்கு. பின்னுக்கு ஒரு மூலையிலை விட்டிருக்கிறாங்களப்பா." எங்கள் தமிழில் ஒருவனை மூலைக்குள் விட்டார்கள் என்றால் அது என்ன அர்த்தம் என்று சொல்லத் தேவையில்லை. எனக்கு அந்தச் சொல் மனதில் குத்தியது. பாண் தொழிற்சாலையில் சேர்ந்த புதிதில் என்னையும் அப்படித்தான், பெட்டி மடிக்கிற மூலையில், ஒருவரும் கதைக்காத இடத்தில் ஒரு வருடம் நிறுத்தியிருந்தார்கள்.

நாலாவது வருடம் ஜூன் மாதம், பருவத்தின் முதல் ஆட்டத்துக்கு அவன் எங்களுக்கு இரண்டு ரிக்கெற் தந்தான். மகளுக்கு வேலை. நானும் மனைவியும் புளிச்சாதம் கட்டிக்கொண்டு ஏரிக்கரைப் பக்கத்து மைதானத்துக்குப் போனோம். சாப்பாட்டை வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள், அது வேறு கதை. மூன்று மணித்தியாலம் நாங்கள் அவனை மட்டும் பார்த்தோம். ஓரத்துக் கோட்டுக்குப் பக்கத்தில், இடதுபக்கமாக, தனியே நின்றான். ஒவ்வொரு முறையும் எதிர்ப்பக்கத்து ஆள் ஒருவன் ஓட, இவன் பின்பக்கமாக ஓடினான், பிறகு திரும்பி அவனோடு ஒட்டிக்கொண்டு ஓடினான். பந்து மட்டும் அந்தப் பக்கம் வரவே இல்லை. மற்றப் பக்கம் எறிந்தார்கள், நடுவில் எறிந்தார்கள், இவனிடம் ஒருவரும் எறியவில்லை. கடைசிக் கட்டத்தில் பந்தோடு ஓடி வந்த பெரிய ஆள் ஒருவனை இவன் பாய்ந்து விழுத்தினான். எழும்பும்போது கொஞ்சம் சுணங்கினான். சுடுசட்டியைத் தொட்டவன் மாதிரி இடக்கையை இரண்டு மூன்று தரம் உதறினான். அவ்வளவுதான். வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில் மனைவி சீலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தா. "ஓடி ஓடிக் களைச்சுப்போனான். ஒருத்தராவது அந்தப் பிள்ளைக்குப் பந்து குடுக்கினமோ?"

வெள்ளிக்கிழமை கோயிலில் அவன் பேருக்கு அருச்சனை செய்வது என்று தீர்மானித்தோம். அதற்கு நட்சத்திரம் வேண்டும். பிறந்த திகதியும் நேரமும் கேட்டேன். பிறந்தநாள் கொண்டாடப் போகிறேன் என்று நினைத்து அவன் தாய்க்குக் கோல் எடுத்தான். அந்த மனுசி விடிய நாலு மணி பதினேழு நிமிசம் என்று ஒரு கணமும் யோசிக்காமல் சொன்னதாம், அன்றைக்கு மழை என்றும் சேர்த்துச் சொன்னதாம். மகள் போனில் கணித்துப் பார்த்து, பூரட்டாதி என்றாள். கோயிலில் ஐயர் அவன் பெயரை இரண்டு தரம் கேட்டார். மூன்றாம் தரம் நான் தாளில் எழுதிக் காட்டினேன். சங்கற்பத்தில் அவர் அதை இழுத்துச் சொன்னபோது, ஏதோ பழைய முனிவர் ஒருவரின் பெயர்போலக் கேட்டது. நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். அந்தப் பிள்ளையின் கைக்குப் பந்து வரவேணும், அவன் பக்கம் எல்லாரும் பார்க்கவேணும், நடந்தால் பதினொரு தேங்காய் உடைப்பேன்.

அடுத்த ஆட்டத்தை ரீவியில் பார்த்தோம். பந்து வந்தது. முதல் எறியே அவன் பக்கம். மனைவி கைதட்டினா. திரும்பவும் வந்தது, திரும்பவும். எதிர்ப்பக்கத்து ஆள் அதைப் பிடித்தான், இவன் ஒரு அடி பிந்தி நின்றான். அதை நாங்கள் பெரிதாக எடுக்கவில்லை. பந்து வருகிறதே, பழகப் பழகப் பிடிப்பான் என்று இருந்தோம். இரண்டாவது ஆட்டத்திலும் அப்படி, மூன்றாவதிலும் அப்படி. மூன்றாவது முடிந்த அடுத்தநாள் மனைவி மோதகம் அவித்துக் கொடுத்துவிட, நான் கொண்டு கீழே போனேன். தோளில் ஐஸ் கட்டிக்கொண்டு கதிரையில் இருந்தான். "போல் கமிங், போல் கமிங், வெரி குட்" என்றேன். அவன் என்னையே பார்த்தான். பகிடி பண்ணுகிறேனா என்று பார்த்தானாக்கும். பிறகு, "தாங்க் யூ, அண்ணை" என்று மோதகத்தை வாங்கிக்கொண்டு கதவை மெதுவாகச் சாத்தினான்.

மேலே வந்து மகளிடம் சொன்னேன். அவள் இரண்டு கையாலும் தலையைப் பிடித்தாள். "அப்பா, ஓ மை கோட், அப்பிடிச் சொன்னீங்களா?"

"ஏன், பந்து வந்ததுதானே?"

"அப்பா, ஹி இஸ் எ கோர்னர். அதர் டீம் ஆளைப் பந்து பிடிக்க விடாமல் மறிக்கிறதுதான் அவரின்ரை வேலை. அந்தப் பக்கம் பந்து எறியிறது அவரின்ரை டீம் இல்லை, அதர் டீம். அவர் நல்லாப் பிளே பண்ணினா பயத்திலை அந்தப் பக்கம் எறியவே மாட்டினம். வராமல் இருக்கிறதுதான் பெஸ்ட். இப்ப வருதெண்டா அவரை வீக் எண்டு கண்டுபிடிச்சிட்டினம். எல்லா ஆக்களும் ஒன்லைன்ல எழுதினம், அவரை டீமிலையிருந்து நிப்பாட்டிடுவினம் எண்டு."

மனைவி அடுப்பை நிற்பாட்டிவிட்டு நிலத்தில் இருந்துவிட்டா. அந்த முதல் ஆட்டத்தில் மைதானம் முழுவதும் இவனுக்குப் பயந்து நின்றிருக்கிறது. நாங்கள் இரண்டு பேரும் அதைப் பார்த்து அழுதுவிட்டு, கோயிலுக்குப் போய், அவன் பேர், நட்சத்திரம் எல்லாம் பிழையில்லாமல் சொல்லி, அவனுக்குக் கேடு கேட்டுக்கொண்டு வந்திருக்கிறோம். இதை வாசிக்கிற படித்த ஆட்கள் சிரிப்பீர்கள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். ஆனால் கேட்டால் கொடுக்கிறவர் ஒருவர் இருக்கிறார் என்பதில் எனக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. அதனால்தான் அந்த நாலு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஐயரிடம் போனேன்.

"ஐயா, வைச்ச நேர்த்தியைத் திருப்பி எடுக்கலாமோ?"

"ஏன், நடக்கேல்லையோ?"

"நடந்திட்டுது. அதுதான் பிரச்சினை."

அவருக்கு அடுத்த அருச்சனைக்கு ஆட்கள் நின்றார்கள். "நடந்தால் தேங்காயை உடைக்கவேணும், அண்ணை. பிரச்சினை வேறை, தேங்காய் வேறை."

உடைத்தேன். பதினொன்றையும், ஒவ்வொன்றாக. உடைக்கும்போது ஒன்றைத்தான் சொன்னேன். கேட்டது பிழை, கேட்ட எனக்கு விளங்கவில்லை, உமக்கு விளங்கியிருக்கும். பிறகு ஒரு தேங்காய்ப் பாதியை எடுத்துக்கொண்டு வந்து, சனிக்கிழமை மத்தியானம் தம்பியின் கதவைத் தட்டினேன். அடுத்த ஆட்டத்துக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. அவன் இருக்கச் சொன்ன கதிரையில் இருந்து, எனக்குத் தெரிந்த இங்கிலீசில் முழுவதையும் சொன்னேன். மூலை, பஸ்ஸில் அழுதது, தாயிடம் கேட்டு வாங்கிய நேரம், பூரட்டாதி, பந்து வரவேணும் என்று கேட்டது, தேங்காய், எல்லாம். மன்னிப்புக் கேட்டேன்.

அவன் சிரிக்கத் தொடங்கினான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சத்தமில்லாமல், கண்ணில் தண்ணீர் வர. பிறகு திடீரென்று சிரிப்பு நின்றது. கை கழுத்துக்குப் போனது. முகம் சாம்பல் பூத்ததுபோல ஆனது. சிரித்தால் நோகிற கழுத்தை நான் அதற்கு முதல் கண்டதில்லை.

"வட் ஹப்பின்ட்?" என்றேன். ஒன்றுமில்லை என்றான். நான் எழும்பிப் போகவில்லை. அவன் அன்றைக்கு இங்கிலீசில் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன்.

"அண்ணை, உங்கடை தேங்காயிலை ஒரு பிழையும் இல்லை. நீங்கள் கேட்டது பிந்தி. அதுக்கு முதலே, நீங்கள் வந்து பார்த்த ஆட்டத்திலையே எனக்கு நடந்திட்டுது. அண்டைக்கு விழுத்தினபோது கழுத்திலையிருந்து கைக்கு நெருப்பு ஓடினது. இப்பவும் இடதுபக்கம் திரும்பினால் விரல் மூண்டு விறைக்குது. தலையைத் திருப்பாமல் பந்தைக் காணேலாது. அதுதான் பிந்திறன். எங்கடை ஆக்களுக்கு நான் சொல்லேல்லை. மற்றவங்கள் வீடியோவைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்து, இவன் இடப்பக்கம் தலை திருப்பிறதில்லை எண்டு கண்டுபிடிச்சிட்டாங்கள்."

சொன்னால் முடிந்தது என்றான். முப்பத்தியொரு வயதில் கழுத்து நோ என்று சொல்லிப் போனவனைத் திரும்பக் கூப்பிடமாட்டார்கள். சொல்லாவிட்டால் இன்னும் நாலு மாதம் ஓட்டலாம். பிறகு அவன் சொன்ன ஒன்று எனக்கு இன்றைக்கும் காதில் நிற்கிறது. எட்டு வயதிலிருந்து இதைத்தான் செய்கிறேன், இது இல்லாவிட்டால் நான் யார் என்று எனக்குத் தெரியாது என்றான்.

என் பொல்லாத நேர்த்தியால் வந்தது இல்லை என்ற ஆறுதல் எனக்கு ஒரு நிமிசம்தான் இருந்தது. அடுத்த நிமிசம் அதைவிடப் பெரிய பயம் வந்து மேலே ஏறி இருந்தது. அந்த விளையாட்டில் ஆளை ஆள் எப்படி இடிக்கிறார்கள் என்று நான் கண்ணால் பார்த்தவன். புத்தி சொல்ல எனக்கு ஒன்றும் தெரியாது. நான் கெஞ்சினேன். பாண் தொழிற்சாலையில் நானும் முதுகு நோவை இரண்டு வருடம் மறைத்து மூட்டை தூக்கினதைச் சொன்னேன். அது அவனுக்குப் பெரிதாகப் படவில்லை. கடைசியில் வாயில் வந்ததைச் சொன்னேன். "தம்பி, உம்மடை அம்மா நீர் பிறந்த நேரத்தை நிமிசத்தோடை சொன்னவ. மழை பெய்ததையும் சொன்னவ. அவவுக்கு ஒருநாள் கோல் எடுத்து, உங்கடை மகன் இனி நடக்கமாட்டான் எண்டு ஆரோ சொல்லவேணுமோ?"

அவன் தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தான். நான் மேலே வந்துவிட்டேன். கூடக் கதைத்துவிட்டேனோ என்று ஞாயிறு முழுக்க யோசித்தேன். கீழே பாட்டும் இல்லை, சத்தமும் இல்லை. திங்கட்கிழமை காலை நான் வேலைக்கு வெளிக்கிட்டபோது அவன் படியில் இருந்து சப்பாத்துக் கட்டிக்கொண்டிருந்தான். "டொக்டர், அண்ணை" என்றான். அவ்வளவுதான்.

அணியின் டொக்டர் கேட்டவுடனேயே ஸ்கானுக்கு அனுப்பியிருக்கிறார். இரண்டு நாள் கழித்து மத்தியானம் எங்கள் குசினி மேசையில் வந்து இருந்து, அவன் மகளுக்குச் சொல்ல, மகள் எங்களுக்குச் சொன்னாள். முள்ளந்தண்டில் ஒரு சவ்வு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது. அதோடு நரம்பு போகிற வழியே அவனுக்குப் பிறப்பிலேயே ஒடுக்கம். ஓய்வெடுத்தால் நோவு மாறும், மற்ற ஆட்களைப்போல வாழலாம். ஆனால் இனி ஒரு இடிகூட வாங்கக்கூடாது. டொக்டர் படத்தைக் காட்டி, நீர் இந்தக் கிழமை விளையாடியிருந்தால் என்று தொடங்கி, வசனத்தை முடிக்காமல் விட்டாராம்.

எங்களுக்கு எந்த முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஒருவனுடைய இருபத்திமூன்று வருட உழைப்பு எங்கள் மேசையில் முடிந்து கிடக்கிறது. அதே மேசையில் அவன் முழு ஆளாய் இருந்து தேத்தண்ணி குடிக்கிறான். மனைவிதான் முதலில் கதைத்தா. "பந்து அவன்ரை பக்கம் வராமலே இருந்திருந்தா, அந்த நோவைப் பொத்திக்கொண்டு கடைசி மட்டும் நிண்டிருப்பான். பந்து வந்தபடியாத்தானே வெளியாலை வந்தது." மகள் அதை அப்படியே இங்கிலீசில் சொன்னாள். அவன் தேத்தண்ணியைக் குடித்து முடித்தான். எழும்பிப் போய்ப் படுத்தான். அன்று பின்னேரம் நான் விளக்கை மட்டும் ஏற்றினேன், மணி அடிக்கவில்லை. கீழே குறட்டை கேட்டுக்கொண்டிருந்தது. நாலு வருடத்தில் அவன் குறட்டையை நாங்கள் கேட்டது அன்றைக்குத்தான்.

மனைவி சொன்னதுதான் என் நம்பிக்கையும். தற்செயல் என்கிறவர்களோடு நான் வாதாடுவதில்லை. நான் பிழையாகக் கேட்டேன், எனக்குச் சரியாகத் தரப்பட்டது. அதை இதைவிட வடிவாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

ஊருக்குப் போய் முதல் வருடம் அவனுக்குச் சரியான கஷ்டம். கோல் எடுத்தால் கதைக்காமல் மூச்சு விட்டுக்கொண்டு இருப்பான், நானும் இந்தப் பக்கம் மூச்சு விட்டுக்கொண்டு இருப்பேன். பிறகு அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் தேகப்பயிற்சி ஆசிரியரானான், கலியாணம் கட்டினான். இப்போது எங்கள் பேஸ்மென்றில் தாதிப் படிப்புப் படிக்கிற இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். நானும் பாண் வேலையை விட்டுவிட்டேன். போன ஓகஸ்டில் அவன் மனைவியையும் மூன்று வயது மகளையும் காரில் ஏற்றிக்கொண்டு எங்களைப் பார்க்க வந்தான். பிள்ளை என் மனைவியின் வளையலை விடவேயில்லை. ஒரு நாள் முழுக்க இருந்து, இடியப்பம் சாப்பிட்டு, பின்னேரம் வெளிக்கிட்டார்கள். எங்கள் வாசலில் கார் விடுகிற இடம் ஒடுக்கம், இடதுபக்கம் வேலி. நான் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் காரை றிவேசில் போட்டான். கண்ணாடியைப் பார்க்கவில்லை. தலையை இடதுபக்கம் முழுக்கத் திருப்பி, பின்னால் வேலியைப் பார்த்தான், பிள்ளையைப் பார்த்தான், தெருவைப் பார்த்தான். ஆறுதலாக, நோகாமல், எல்லா ஆட்களையும்போல. மனைவி என் கையைப் பிடித்து, "திரும்பிறான், பாருங்கோ" என்றா.